ஒரு ரூபாய் மாத்திரையும் ஒரு நாள் கூலியும்

பெங்களூருவின் வடபகுதியில், டேனரி ரோட்டைத் தாண்டி நாகவாரா போகும் வழியில் இருக்கிறது காடுகொண்டனஹள்ளி. முழுப்பெயரைச் சொல்பவர்கள் குறைவு. கேஜி ஹள்ளி என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத இடத்தில் ஏறத்தாழ 44,500 பேர். உருது, தமிழ், கன்னடம் மூன்றும் ஒரே சந்தில் காதில் விழும். பெங்களூருவின் பொதுச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2009 வாக்கில் இங்கே வேலையைத் தொடங்கினார்கள். மாதிரிக்கென்று சில தெருக்களைப் பொறுக்கி எடுக்காமல், வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். 9,299 குடும்பங்கள்.

வீட்டில் யாருக்காவது நீண்ட நாள் நோய் இருக்கிறதா என்று கேட்டார்கள். பெரியவர்களில் 13.8 சதவீதம் பேர் இருக்கிறது என்றார்கள். முதலிடம் ரத்த அழுத்தத்துக்கு, 10 சதவீதம். அடுத்தது சர்க்கரை, 6.4 சதவீதம். உபேந்திர போஜானியும் அவருடைய சகாக்களும் 2013-இல் இதை ஆய்விதழில் எழுதியபோது, இவை இனி வசதியானவர்களின் நோய்கள் இல்லை என்றே கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார்கள். அந்தத் தலைப்புக்கு ஆதாரம் இருந்தது. வறுமைக் கோட்டுக்கு மேலே இருப்பவர்களோடு ஒப்பிட்டால், கீழே இருப்பவர்கள் நீண்ட நாள் நோய் இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு மூன்று மடங்கு.

நம் ஊரில் ‘பணக்கார வியாதி’ என்று ஒரு பேச்சு உண்டு. நெய், பிரியாணி, கார், சொகுசு நாற்காலி, அப்புறம் பிபி. சாக்கடை ஓரத்துக் குடித்தனத்தில் இருப்பவருக்குக் காசநோய் வரும், வாந்திபேதி வரும், டெங்கு வரும். பிரஷர் எப்படி வரும்? மருத்துவர்களே நெடுங்காலம் இப்படி நினைத்தார்கள். அரசுத் திட்டங்களும் அந்த நினைப்பிலேயே ஓடின. ஏழைகள் இருக்கும் இடத்துக்குத் தடுப்பூசியும் பிரசவ உதவியும் போயின. ரத்த அழுத்தமானி போகவில்லை.

கேஜி ஹள்ளியின் 10 சதவீதத்தை இன்னொரு முறை பாருங்கள். அது வாயால் சொன்ன கணக்கு. ஏற்கெனவே ஒரு டாக்டர் பார்த்து, அளந்து, பெயர் சொல்லியிருந்தால்தான் ஒருவரால் ‘எனக்கு பிபி இருக்கு’ என்று சொல்ல முடியும். அளக்காதவர் அந்தக் கணக்கில் ஆரோக்கியமானவர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்த் தகவலியல் மையமும் பெங்களூருவில்தான் இருக்கிறது. அந்த மையம் 2017-18-இல் நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. இதில் கருவியை வைத்தே அளந்தார்கள். 18 முதல் 69 வயது வரையானவர்களில் 28.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். அவர்களில் தமக்கு அது இருப்பது தெரிந்தவர்கள் 27.9 சதவீதம். சிகிச்சையில் இருந்தவர்கள் 14.5 சதவீதம். அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 12.6 சதவீதம். நோயுள்ள நூறு பேரை வரிசையாக நிறுத்தினால், 72 பேருக்கு விஷயமே தெரியாது. மற்ற நோய்களில் வலியோ காய்ச்சலோ ஆளை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகும். இதில் இழுக்க எதுவும் இல்லை.

ஏன் இல்லை? இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் விழும் அழுத்தம் மேல் எண். இதயம் தளர்ந்து நிரம்பும்போது மிஞ்சியிருக்கும் அழுத்தம் கீழ் எண். 120/80 இயல்பு, வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90-ஐத் தொட்டால் அல்லது தாண்டினால் நோய். இரண்டு விஷயங்கள் இந்த எண்ணைத் தீர்மானிக்கின்றன: இதயம் எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது, சிறு தமனிகள் எவ்வளவு இறுகியிருக்கின்றன. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். உடலில் அந்த விரலின் வேலையைச் செய்பவை நுண்தமனிகளின் தசைகள். அவற்றை இறுக்கவும் தளர்த்தவும் சொல்வதில் நரம்பு மண்டலத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பெரும் பங்கு உண்டு.

குற்றவாளியைத் தேடுபவர்கள் இதயத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். நீண்ட கால அழுத்தத்தை எந்த மட்டத்தில் வைப்பது என்பதில் கடைசி வார்த்தை அதனுடையது. ரத்தத்தில் உப்பு கூடினால் அதோடு நீரும் கூடும். கூடியதைச் சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டும். ஆரோக்கியமான சிறுநீரகம் சிரமமில்லாமல் தள்ளிவிடும். வருடக்கணக்கில் உப்புச் சுமையைத் தாங்கியதோ, பிறவியிலேயே இதில் மந்தமானதோ, அழுத்தம் ஏறினால்தான் அதே அளவு உப்பைத் தள்ளும். உடல் அந்த ஏற்றத்தை ஏற்றுக்கொள்கிறது. தமனிச் சுவர்கள் அதற்கேற்பத் தடித்துக்கொள்கின்றன, தடித்த சுவர் அழுத்தத்தை மேலும் ஏற்றுகிறது. இத்தனையும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓசையில்லாமல் நடக்கும். பிறகு ஒருநாள் காலையில் வாய் கோணிக்கொள்ளும், ஒரு கை தூக்க வராது. பக்கவாதத்தைப் பார்த்த குடும்பம் ‘நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு’ என்றுதான் சொல்லும். அந்தக் குடும்பம் பொய் சொல்லவில்லை.

‘தலை சுத்துனா பிபி, சுத்தலேன்னா இல்ல’ என்ற நம்பிக்கை பெங்களூருவின் குடிசைப் பகுதிகளில் மட்டும் இருப்பதாக நினைக்க வேண்டாம். அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் இருக்கிறது. தலைசுற்றல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்துவார்கள். கோபக்காரருக்குத்தான் பிரஷர் வரும் என்பது இன்னொன்று. சாதுவான மனிதர்களுக்கும் 180/110 இருக்கும். ஊரையே திட்டித் தீர்ப்பவருக்கு 118/76 இருக்கும். கோபம் அழுத்தத்தை அந்த நேரத்துக்கு ஏற்றி இறக்கும். நிரந்தரமாக ஏற்றி வைப்பவை வேறு.

அவற்றில் முதலாவதைச் சமையலறையிலேயே அளந்துவிடலாம். நான்கு பேர் உள்ள குடும்பம் மாதத்துக்கு ஒரு கிலோ உப்புப் பொட்டலம் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் கிராமை நான்கால் வகுத்து, முப்பதால் வகுத்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு கிராமுக்குச் சற்று மேல். முன்பு சொன்ன தேசியக் கணக்கெடுப்பு சிறுநீரில் சோடியத்தை அளந்து கண்டுபிடித்த சராசரியும் அதேதான், நாளுக்கு 8 கிராம். உலக சுகாதார அமைப்பு சொல்லும் எல்லை 5 கிராமுக்குள். அப்படியென்றால் அந்தக் குடும்பத்தின் ஒரு கிலோ பொட்டலம் ஐம்பது நாள் வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடையில் வாங்கிய மிக்சர், தள்ளுவண்டிக் கோபி மஞ்சூரியன் எல்லாம் இந்தப் பொட்டலத்துக்கு வெளியே இருக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘உப்பைக் குறையுங்கள்’ என்று எழுதிக் கொடுப்பது எளிது. குறைந்த வருமானத்தில் சமைப்பவருக்கு உப்பு என்ன வேலை செய்கிறது என்று யோசித்தால்தான் சிக்கல் தெரியும். தட்டு நிறையச் சோறு, மேலே நீர்த்த குழம்பு, ஓரத்தில் ஒரு விரல் ஊறுகாய். அந்தச் சோற்றை உள்ளே இறக்குவது உப்பும் காரமும் புளியும்தான். காய்கறி கூடினால் உப்பைக் குறைக்க முடியும். காய்கறிக்குக் காசு வேண்டும். காய், கீரை, பருப்பு, வாழைப்பழம் ஆகியவற்றில் பொட்டாசியம் இருக்கிறது. உடல் உப்பை வெளியேற்ற உதவுவதும், ரத்தக் குழாய்களைத் தளர்த்துவதும் அதுதான். ஏழையின் தட்டில் சோடியம் மிகுதி, பொட்டாசியம் பற்றாக்குறை. இரண்டும் சேர்ந்தே அழுத்தத்தை ஏற்றுகின்றன. பழைய மைசூர் நாட்டுக்காரர்கள் களியாக உருட்டிச் சாப்பிட்ட கேழ்வரகில் வெள்ளை அரிசியைவிட மூன்று மடங்குக்கு மேல் பொட்டாசியம் உண்டு. ரேஷனில் அரிசி இலவசமாகவோ மலிவாகவோ கிடைக்கும்போது அந்தக் களியே தட்டைவிட்டுப் போய்விடுகிறது. பசியைத் தீர்த்த அரிசியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் இந்தக் கணக்கும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

உப்பின் சக்தி என்ன என்பதற்கு உலகின் இரு மூலைகளிலிருந்து சாட்சி இருக்கிறது. 1988-இல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வு 52 இடங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அளந்தது. நம் நாட்டில் டெல்லியும் லடாக்கும் அதில் இருந்தன. அமேசான் காட்டில் உப்பே சேர்க்காமல் சாப்பிடும் யானோமாமி பழங்குடியினரின் சராசரி அழுத்தம் 95/61 அளவில் இருந்தது. வயது ஏறியும் அது ஏறவில்லை. வயதானால் பிரஷர் வரத்தான் செய்யும் என்ற நம் சமாதானம் அங்கே செல்லுபடியாகவில்லை. இரண்டாவது சாட்சி கென்யா. லூவோ இனத்தவர் மேற்குக் கிராமங்களிலிருந்து நைரோபிக்கு வேலை தேடிப் போனபோது, நீல் பௌல்டரும் சகாக்களும் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். நகரத்துக்கு வந்த சில மாதங்களிலேயே சிறுநீரில் சோடியம் கூடி, பொட்டாசியம் குறைந்து, ரத்த அழுத்தமும் ஏறத் தொடங்கியது. ஆள் அதே ஆள், பரம்பரை அதே பரம்பரை. மாறியது ஊரும் உணவும் பிழைப்பும்.

தர்மபுரியிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ ராய்ச்சூரிலிருந்தோ பஸ் ஏறிப் பெங்களூருவில் இறங்குகிறவருக்கும் இதே கதைதானா? இதைச் சோதிக்க ஓர் அழகான வழியை இந்திய இடம்பெயர்வு ஆய்வு என்ற திட்டம் கையாண்டது. லக்னோ, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு நகரங்களின் நான்கு தொழிற்சாலைகளை எடுத்துக்கொண்டார்கள். பெங்களூருவில் எச்.எம்.டி. அந்தக் கடிகாரத்தைக் கட்டிய தலைமுறைக்கு அறிமுகமே தேவையில்லை. 2005 முதல் 2007 வரை, கிராமத்திலிருந்து வந்து தொழிலாளியானவரையும், கிராமத்திலேயே தங்கிவிட்ட அவருடைய அண்ணனையோ தங்கையையோ ஜோடி சேர்த்து அளந்தார்கள். ஒரே தாய் தந்தை, ஒரே வீட்டுச் சாப்பாட்டில் கழிந்த குழந்தைப் பருவம்; வேறுபாடு நகரம் மட்டும். உடல் பருமனிலும் சர்க்கரை நோயிலும் வந்தவர்கள் ஊரில் இருந்த உடன்பிறப்புகளைவிட்டு விலகி, நகரத்தில் பிறந்தவர்களின் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தார்கள். 2011-இல் வந்த தொடர் கட்டுரை இன்னொன்றையும் சொன்னது. உடற்கொழுப்பு நகரத்துக்கு வந்த முதல் சில ஆண்டுகளில் வேகமாக ஏறிவிடுகிறது. ரத்த அழுத்தம் போன்ற மற்றவை நகரத்தில் கழித்த ஆண்டுகள் கூடக்கூட மெதுவாக ஏறுகின்றன. இடுப்பில் முதலில் தெரியும், தமனியில் பிறகு தெரியும்.

எச்.எம்.டி. தொழிலாளிக்கு நிரந்தர வேலை இருந்தது, ஆஸ்பத்திரி வசதி இருந்தது. சித்தாளுக்கும் வீட்டு வேலைக்காரருக்கும் அது இல்லை. ஆகவே அந்த ஆய்வை அப்படியே குடிசைப் பகுதிக்குப் பொருத்த மாட்டேன். நகரம் உடலுக்கு என்ன செய்கிறது என்பதற்கு மட்டும் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன்.

நகரத்துக்கு வராதவர்கள் தப்பித்தார்களா என்றால் அதுவும் இல்லை. கர்நாடகமும் தமிழ்நாடும் உட்பட ஒன்பது மாநிலங்களின் பழங்குடி மக்களிடையே 2007-08-இல் தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்புக் குழு அளந்ததில், ஆண்களில் 27.1 சதவீதம், பெண்களில் 26.4 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். நான்கில் ஒருவருக்கு மேல். மலையில் நடப்பவர்கள், மெலிந்தவர்கள், காட்டு உணவு உண்பவர்கள் என்ற நம் கற்பனைப் படத்துக்குள் இந்த எண் அடங்காது. காட்டுக்குள் நுழையும் உரிமை சுருங்கிவிட்டது. ரேஷன் அரிசியும் பொட்டல உப்பும் புகையிலையும் சாராயமும் உள்ளே போய்விட்டன. சாமராஜநகர் மாவட்டத்துப் பிளிகிரிரங்கன மலையில் சோலிகர் பழங்குடியினருக்காக டாக்டர் எச். சுதர்சன் 1981-இல் விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திராவைத் தொடங்கியபோது, அங்கே பெரிய பிரச்சினைகள் தொழுநோய், பாம்புக்கடி போன்றவை. இன்று பழங்குடிப் பகுதியில் வேலை செய்யும் எந்த மருத்துவரும் ரத்த அழுத்தமானி இல்லாமல் கிளம்ப முடியாது.

இங்கே ஒரு கிளைக்கதை. உலகத்துக்கு ரத்த அழுத்தத்தை இறக்கிக் காட்டிய முதல் மருந்துகளில் ஒன்று நம் மண்ணின் சர்ப்பகந்தா வேர். பாம்புக்கடிக்கும் பித்துக்கும் காலங்காலமாக நம் வைத்தியர்கள் கொடுத்தது. கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931-இல் அதன் குணத்தை எழுதினார்கள். இன்று பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட ஹிமாலயா நிறுவனம், டேராடூனில் இருந்தபோது 1934-இல் அந்த வேரிலிருந்து செர்ப்பினா மாத்திரையை விற்கத் தொடங்கியது. மும்பை இதய மருத்துவர் ரஸ்தம் ஜால் வகீல் 1949-இல் பிரிட்டிஷ் ஆய்விதழில் தன் நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டபோதுதான் மேலை நாடுகள் திரும்பிப் பார்த்தன. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அதிலிருந்து ரெசர்ப்பின் என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தது. பக்க விளைவுகளால் இன்று அது ஓரங்கட்டப்பட்டுவிட்டது. ஆயினும் இந்த நோய்க்கு மருந்தே இல்லை என்ற காலத்தை முடித்து வைத்ததில் அந்த வேருக்கு முக்கியமான பங்கு உண்டு.

மீண்டும் காரணங்களுக்கு வருவோம். வறுமை கருப்பையிலேயே தொடங்கிவிடுகிறது என்பது சுவையான கருதுகோள். எடை குறைந்து பிறந்த குழந்தைக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் என்றார் இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர். மைசூரின் ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனை 1934 முதல் பிறப்பு எடைகளைப் பதிவேட்டில் குறித்து வைத்திருந்தது. அந்தப் பதிவேட்டில் இருந்த குழந்தைகளை, அவர்கள் நடுவயதை எட்டிய பிறகு கரோலின் ஃபால் குழுவினர் தேடிப் பிடித்தார்கள். மிகக் குறைந்த எடையில் பிறந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதயத் தமனி நோய். நல்ல எடையில் பிறந்தவர்களில் 3 சதவீதம். பார்க்கர் சொன்னது சரி என்று முடித்துவிடலாம்போல இருந்தது. ஆனால் ரத்த அழுத்தத்தைத் தனியே எடுத்து 2000-இல் பார்த்தபோது, சிறியதாகப் பிறந்ததற்கும் அதற்கும் மைசூரில் தொடர்பே தென்படவில்லை. அறிவியலில் இது அடிக்கடி நடக்கும். கதை அழகாக இருப்பதால் எண் அதற்கு வளைந்துகொடுக்காது. இந்தக் காரணத்தை நான் இப்போதைக்குச் சந்தேகப் பட்டியலில்தான் வைப்பேன்.

மன அழுத்தத்தை அப்படி ஒதுக்கிவிட முடியாது. லண்டனின் அரசு ஊழியர்களை 1967 முதல் பின்தொடர்ந்த வைட்ஹால் ஆய்வில், அடிமட்ட ஊழியர்கள் உயரதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கு மேல் இதய நோயால் இறந்தார்கள். புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் வேறுபாட்டின் பெரும்பகுதி மிஞ்சியது. ஆய்வாளர் மைக்கேல் மார்மாட் காட்டிய இன்னொரு விவரம்தான் என்னை நிறுத்தியது. வேலை நேரத்தில் இரு தரப்பாருக்கும் ரத்த அழுத்தம் ஏறத்தாழ ஒன்றுதான். வீட்டுக்குப் போனதும் அதிகாரிக்கு நன்றாக இறங்குகிறது, கடைநிலை ஊழியருக்கு அந்த அளவு இறங்குவதில்லை. அது லண்டன் குமாஸ்தாவின் வீடு. பெங்களூருவில் பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுத்து, தண்ணீர் லாரி வரும் நேரத்துக்கு எழுந்து, வாடகையையும் வட்டியையும் மனதுக்குள் கூட்டிக் கழிப்பவருக்கு எப்போது இறங்கும்? தூக்கம் கெடுகிறது. ஆண்களில் பலர் கடைசியில் தொண்ணூறு மில்லி சாராயப் பாக்கெட்டிலோ ஹான்ஸ் புகையிலையிலோ போய் நிற்கிறார்கள். மது நேரடியாகவே அழுத்தத்தை ஏற்றும். புகையிலை ரத்தக் குழாயைச் சேதப்படுத்தி அதற்கு மேல் தன் பங்கைச் செய்யும்.

சரி, அளக்கலாம் என்று ஒருவர் கருவியோடு அந்த அறைக்குள் போகிறார். விதிப்படி அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால்கள் தரையில் பட வேண்டும், கை இதயத்தின் உயரத்தில் எதன் மீதாவது தாங்கியிருக்க வேண்டும், சிறுநீர் முட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அறையில் நாற்காலி இல்லை. கட்டில் இருந்தால் அதில் துணி மூட்டை. பொதுக் கழிப்பறைக்கு வரிசை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் நின்று ‘அக்கா, எனக்கும் பாருங்க’ என்கிறார்கள், பதில் சொல்லிக்கொண்டே இருக்கும்போது பட்டை கையில் இறுகுகிறது. பேசினாலே பத்துப் புள்ளிவரை ஏறும். தொங்கும் கையும் கூட்டிக் காட்டும். அதனால்தான் ஒருமுறை அளந்த எண்ணை வைத்து ஆயுள் முழுக்க மாத்திரை என்று யாரும் முடிவு செய்யக் கூடாது. இரண்டு மூன்று முறை, வெவ்வேறு நாட்களில் பார்க்க வேண்டும். எண் உறுதியானால் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் கூடாது.

சிகிச்சை எளிது. பெரும்பாலானவர்களுக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம், அல்லது டெல்மிசார்ட்டன் 40. போதவில்லை என்றால் அளவைக் கூட்டலாம், இரண்டையும் சேர்க்கலாம். மக்கள் மருந்தகத்தில் ஓர் அம்லோடிபின் மாத்திரை ஒரு ரூபாய்க்கும் குறைவு. இவ்வளவு மலிவான மருந்து இருந்தும், நோயுள்ள நூறு பேரில் எண்பத்தைந்துக்கு மேற்பட்டவர்களுக்கு அழுத்தம் கட்டுக்குள் இல்லை என்றால், குறை மருந்தில் இல்லை.

குறை எங்கே என்று கேஜி ஹள்ளிக் கணக்கே காட்டிக்கொடுத்தது. நோயாளிகளில் 80 சதவீதத்துக்கு மேல் தனியாரிடம்தான் போனார்கள். நீண்ட நாள் நோயாளிகள் உள்ள குடும்பங்களில் ஏறத்தாழ 70 சதவீதம் சொந்தக் காசைச் செலவழித்தன. 16 சதவீதக் குடும்பங்களுக்கு வெளிநோயாளிச் செலவே மாத வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டியது. இந்தச் செலவைக் கழித்துவிட்டுப் பார்த்தால், ஒரே மாதத்தில் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களின் எண்ணிக்கை இரட்டிப்பாகியது. அறுவை சிகிச்சையும் இல்லை, ஐசியூவும் இல்லை. பிபி, சுகர் மாத்திரையும் டாக்டர் ஃபீசும் டெஸ்டுகளும்தான். மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். படுக்கையில் சேராமல் காப்பாற்றும் மாத்திரைக்குத் தராது. பக்கவாதம் வந்த பிறகு கொடுப்போம் என்பதுதான் இதன் பொருள்.

ஏன் அரசு நிலையத்துக்குப் போகவில்லை? 2023 தொடக்கத்தில் பெங்களூருவில் நம்ம கிளினிக்குகள் திறக்கப்பட்டன. வார்டுக்கு ஒன்று என்பது நோக்கம், பரிசோதனையும் மருந்தும் இலவசம். நல்ல யோசனை. பெரும்பாலும் காலை 9 முதல் மாலை 4.30 வரை திறந்திருக்கும். வீட்டு வேலை செய்யும் பெண்ணின் நாளை இதன் மேல் வைத்துப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு முதல் வீட்டுப் பாத்திரம், ஒன்பதுக்கு இரண்டாவது வீடு, பதினொன்றுக்கு மூன்றாவது, மதியம் சமையல் வீடு, நாலரைக்குத் தன் வீட்டு வாசல். கட்டட வேலைக்குப் போகும் ஆள் காலையில் கூலிக்கு ஆள் எடுக்கும் நாக்காவில் நிற்காவிட்டால் அன்றைய கூலி இல்லை. இலவச மாத்திரையின் விலை அரை நாள் கூலி, சில சமயம் ஒரு நாள் கூலி. அங்கே போய் மருந்து வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றால் விலை இரட்டிப்பு. இரவு ஒன்பதுக்கும் திறந்திருக்கும் தனியார் கிளினிக்கை அவர்கள் தேர்ந்தெடுப்பது அறியாமை இல்லை, கணக்கு. காசு தீர்ந்ததும் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவதும் அதே கணக்குதான். உடல் மட்டும் அதை ஏற்காது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2017 நவம்பரில் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சி கேரளம், பஞ்சாப், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், தெலங்கானா ஆகிய ஐந்து மாநிலங்களில் சில எளிய விதிகளைப் பின்பற்றியது. எல்லோருக்கும் ஒரே சிகிச்சை முறை, தீராத மருந்துக் கையிருப்பு, டாக்டரை எதிர்பார்க்காமல் நர்சே மாதாந்தரம் அளந்து மருந்து தருவது, வராதவரைப் போனில் கூப்பிடுவது. சேர்ந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் வந்தது. நோயாளிகளின் கணக்கை வைக்க உதவிய ‘சிம்பிள்’ செயலியை உருவாக்கியதில் பெங்களூருவின் மென்பொருள்காரர்களுக்குப் பங்கு உண்டு. உப்பிலும் வழி இருக்கிறது. சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம், உப்பில் கால் பங்கைப் பொட்டாசியம் குளோரைடாக மாற்றி ஐந்தாண்டு பார்த்ததில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சிறுநீரக நோயாளிகளுக்கு அது ஆகாது. மற்றவர்களுக்கு ரேஷன் கடையில் அந்த உப்பு ஏன் கிடைக்கக் கூடாது என்று கேட்கலாம்.

தமிழ்நாட்டின் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில். தன்னார்வலர் பெண் வீட்டு வாசலுக்கு வந்து அளந்து, மாத்திரையைக் கையில் கொடுப்பார். கர்நாடக எல்லைக்கு மிக அருகில் இருக்கும் ஊர் அது. ஆனால் அந்தப் பக்கத்து ஆள்கள் எத்தனையோ பேர் பிழைப்புக்குப் பெங்களூருவில் இருக்கிறார்கள். பெயர் ஊரின் ரேஷன் அட்டையில், உடம்பு நகரத்தின் தகரக் கொட்டகையில். ஊரில் கதவைத் தட்டும்போது அவர் இல்லை. இங்கே தட்ட ஆள் இல்லை. மாநில எல்லை தாண்டினாலும் ஒரே பதிவேடு, ஒரே மாத்திரை, இரவு எட்டு வரை திறந்த கிளினிக் என்று இரண்டு அரசுகளும் உட்கார்ந்து முடிவெடுப்பது பெரிய ராஜதந்திரம் ஒன்றும் இல்லை. காவிரியைவிடச் சுலபம்.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்யலாம். இந்த அத்தியாயத்தைப் படிக்கும் பலருடைய வீட்டில் வேலைக்கு ஒருவர் வருவார். அவருக்கு முப்பது வயது தாண்டியிருந்தால், வீட்டில் கருவி இருந்தால், ஐந்து நிமிடம் நாற்காலியில் உட்காரவைத்து அளந்து பாருங்கள். எண் கூடுதலாக இருந்தால் அடுத்த வாரம் மறுபடியும் பாருங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால், மாதம் ஒருமுறை காலை வேளையில் நம்ம கிளினிக்குக்குப் போய்வரச் சொல்லுங்கள். அந்த நாளுக்குச் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள்.